சரிவில் நிற்கும் வண்டி

அட்டனிலிருந்து நுவரெலியா வரை நீளும் தேயிலை மலைகளில், வண்டியை நிறுத்தச் சமதரை வாய்ப்பது அரிது. மேலே பாதை, கீழே லயம். இடையில் வண்டியைத் தாங்குபவை, பல கார்களில், பின்சக்கர உருளிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பிறைவடிவத் தடைக்கட்டைகளே. கைப்பிடியை இழுத்ததும் கம்பிவடம் அவற்றை விரித்து உருளியின் உட்சுவரோடு அழுத்துகிறது.

கைபிரேக்குக்கெனத் தனிக்கட்டைகள் உள்ள கார்களில் அவை அதிகம் தேய்வதில்லை. மழையும் மூடுபனியும் தரும் துருவே அவற்றின் பகை. இரவெல்லாம் இழுத்துவிட்ட கட்டை காலையில் உருளியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். ஆதலின் உருளியைக் கழற்றியதும் தூளை வாயால் ஊதலாகாது. ஈரத்துணியால் துடைப்பதே தக்கது. எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பூட்டுவது வீண் சிக்கனம். இருபுறமும் ஒருங்கே மாற்ற வேண்டும். கைப்பிடி தளர்ந்தவுடன் பலர் வடத்தை மட்டும் இறுக்குவர். இது தலைகீழான வேலை. முதலில் கட்டைக்கும் உருளிக்கும் உள்ள இடைவெளியைச் சீராக்கி, சக்கரம் தடையின்றிச் சுழல்வதைக் கண்ட பின்னரே வடத்தைத் தொடலாம்.

1948 முதல் வெளிவந்த பழைய லாண்ட் ரோவர்களின் அமைப்போ வேறு. அவற்றின் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னே, சுழல்தண்டில் ஒரே உருளியாக அமைந்துள்ளது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தினால், அது ஒருபுறம் சுழல, தரையிலுள்ள மற்றது எதிர்ப்புறம் உருண்டுவிடும். கைப்பிடி இழுத்திருக்கிறதே என்று நம்பி அடியில் புகுவோர் உயிரோடு விளையாடுகின்றனர். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்த பின்னரே ஜாக்கியை எடுத்தல் வேண்டும்.