டயாப்பரில் இருப்பது பஞ்சா?

கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பஞ்சைப் பற்றிச் சொல்ல முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் அண்டைவீட்டு அம்மையார் ஒருவர் கேட்ட கேள்வி என்னை அத்துணிவுக்கு ஆளாக்கிற்று. பேரக்குழந்தைக்குக் கட்டிக் கழற்றிய டயாப்பர்களைக் குவித்து வைத்துக்கொண்டு, "ஏனுங்க வாத்தியாரய்யா, இதெல்லாம் பஞ்சுதானுங்களே, தென்னைமரத்தடியில் புதைத்தால் மக்கிப் போகுமுங்களா?" என்றார்.

நேயர்களே, அது பஞ்சன்று. பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு. அதனால்தான் செடியிலிருந்து எடுத்த பஞ்சு தண்ணீரில் எளிதில் நனைவதில்லை. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுத்த பின்னரே அது மருத்துவமனைப் பஞ்சாகி நீரை உறிஞ்சுகிறது. பாட்டனாரின் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குக் கட்டினார்களே, பலமுறை வெளுத்து மென்மையடைந்த துணி அது. சிக்கனத்தோடு அனுபவ அறிவும் அதில் இருந்தது. ஆனால் பஞ்சும் துணியும் உறிஞ்சிய நீரை, குழந்தை அதன்மேல் அமர்ந்த மாத்திரத்தில் திரும்பக் கொடுத்துவிடும்.

இந்த உண்மையைப் பெருமுயற்சியால் கண்டவர் நம் கோவையைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தம். தம் மனைவியாரின் மாதவிடாய்க்கால இன்னலைக் கண்டு, 1998ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சைக் கொண்டு அணையாடை செய்து பார்த்தார், பயன்படவில்லை. நிறுவனங்கள் விற்கும் அணையாடையினுள் இருப்பது மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸ் இழை என்பதை அறிய அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னர் அம்மரக்கூழை அரைத்து அழுத்தும் எளிய இயந்திரத்தைக் குறைந்த செலவில் அமைத்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

டயாப்பரின் நடுவிலும் இம்மரக்கூழே இருக்கிறது. 1961இல் அமெரிக்காவில் பேம்பர்ஸ் விற்பனைக்கு வந்தபோது நீரை ஏற்கும் பொறுப்பு முழுவதும் மரக்கூழையே சார்ந்திருந்தது. 1980களில் அதனோடு சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்ணிறப் பொடி சேர்ந்தது. பார்வைக்குச் சர்க்கரை போன்ற இப்பொடி, தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேலும் தூய நீரை ஏற்றுக் கூழாகப் பருத்துவிடும். அழுத்தினாலும் எளிதில் விடாது. சிறுநீரில் உப்பு இருப்பதால் அதை அவ்வளவு ஏற்பதில்லை. ஐயமுள்ளவர்கள் புதிய டயாப்பரைக் கிழித்துப் பொடியை உதிர்த்து, தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி, ஒரு கரண்டி சமையல் உப்பைத் தூவிப் பாருங்கள். கூழ் இளகி நீர் பிரியும். வெளியில் உப்பு மிகுந்தால் கூழினுள் நீரை ஈர்த்து வைத்திருந்த விசை குறைவதே காரணம். வகுப்பறையில் ஒரு நாழிகை பேசுவதைவிட இச்சோதனை தெளிவாக விளக்கிவிடும். பொடி குழந்தைகளின் வாயிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

குழந்தையின் தோலைத் தொடும் மேலாடை துணிபோல் தோன்றினும் நெய்ததன்று. பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டினால் ஒட்டிய தாள். ஈரம் வெளிவராமல் தடுக்கும் அடித்தாள் பாலிஎதிலீன். தொடையோரத்து மீள்நூலும் ஒட்டும் பசையும் செயற்கைப் பொருள்களே.

ஆகவே அம்மையாரின் கேள்விக்கு விடை எளிது. மரக்கூழ் மக்கும், பிளாஸ்டிக் தாள்கள் பல தலைமுறைகள் கிடக்கும், பொடியும் மண்ணில் மிக மெதுவாகவே சிதையும். எரித்தாலோ நச்சுப்புகை. வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கைக் கடந்து சென்றவர்களுக்கு அதை விவரிக்கவேண்டியதில்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயாப்பரைத் தாளில் சுற்றிக் கட்டி, மக்கும் குப்பையோடு சேர்க்காமல் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்கவேண்டும். சுற்றிக் கொடுக்கும் கடமையை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே வகுத்தன. அவிழ்ந்து கிடப்பதைக் கையால் பொறுக்குபவரும் மனிதரல்லவா?

இவ்வளவையும் கேட்ட அம்மையார், இரவுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் மட்டும் டயாப்பர் என்றும், பகலில் வீட்டிலிருக்கும்போது வேட்டித் துணியே போதும் என்றும் மருமகளோடு பேசி முடிவு செய்துகொண்டார். துவைக்கும் பொறுப்பு மகனுடையதாம்.