மின்சாரம் எதுவரை வந்தது?

கணிப்பொறி இல்லாத துறை இன்று இல்லை. வங்கியிலும் மருத்துவமனையிலும் நியாயவிலைக் கடையிலும் அதுவே கோலோச்சுகிறது. ஆயினும் அதன் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் நம்மிடையே சிலரே. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே ஒரு மேசைக் கணிப்பொறியைப் பூட்டிக்கொள்ளலாம் என்றால், "அதெல்லாம் இன்ஜினீயர் வேலை" என்று ஒதுங்குகிறோம். உண்மையில் அதற்கு வேண்டியவை ஒரு ஸ்டார் ஸ்குரூடிரைவரும் பொறுமையுமே.

ஆனால் பூட்டி முடித்தபின் ஒரு சோதனை காத்திருக்கும். பொத்தானை அழுத்துவோம், விளக்கு எரியாது, விசிறி சுழலாது. 'போட்ட பணமெல்லாம் போயிற்றே!' என்றுதான் முதலில் தோன்றும். நண்பர்களே, இயங்காத பொறி வேறு; எரிந்துபோன பொறி வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டறியும் வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயர்மேன் சொன்ன பாடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கணிப்பொறியைப் பற்றி வீட்டில் யாரிடமும் கேட்டறிய இயலாது. இதில் எனக்கு முதல் ஆசிரியர் எங்கள் தெருவில் வயரிங் வேலை செய்யும் மாமா ஒருவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கணிப்பொறியைத் தொட்டதும் இல்லை. விடுமுறை நாள்களில் அவருக்கு உதவியாகச் செல்வேன். விளக்கு எரியாத வீட்டுக்குள் நுழைந்தால் அவர் எதையும் உடனே கழற்றமாட்டார். மெயினில் தொடங்கி, ஃபியூஸ், சுவிட்ச், ஹோல்டர் என்று வரிசையாக டெஸ்டரை வைத்துக்கொண்டே வருவார். "கரண்டு எதுவரைக்கும் வந்திருக்குன்னு பாரு தம்பி. நின்ன எடத்துலதான் கோளாறு" என்பார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுமுறை இன்றுவரை கிடைக்கவில்லை.

மின்சாரம் நடக்கும் வழி

அந்த வழியில் சோதிக்க வேண்டுமானால், கணிப்பொறிக்குள் மின்சாரம் செல்லும் பாதை முதலில் தெரிய வேண்டும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ குறைந்த அழுத்தமுள்ள நேர்மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. இன்டெல் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பின் வழியில்தான் இன்றும் பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகள் இயங்குகின்றன.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வீட்டு விளக்கின் சுவிட்ச் மின்சாரத்தையே இணைக்கிறது. கணிப்பொறியின் பொத்தான் அப்படியன்று. அது ஒரு தகவலை மட்டுமே தருகிறது. பிளக்கைச் செருகி, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்சைப் போட்டதுமே ஊதா நிற வயரில் 5 வோல்ட் வந்து காத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் மதர்போர்டு பச்சை வயரைக் கறுப்பு வயரோடு, அதாவது சுழி அழுத்தத்தோடு, இணைக்கிறது. அதன் பிறகே மற்ற மின்னழுத்தங்கள் பாய்கின்றன. அவை நிலைபெற்றதும், ஒரு நொடியில் பாதிக்கும் குறைவான நேரத்தில், சாம்பல் நிற வயர் 'எல்லாம் சரி' என்று சைகை தருகிறது. அதுவரை பிராசசர் தன் வேலையைத் தொடங்குவதில்லை.

வரிசையான சோதனை

முதலாவது, சுவர். அதே பிளக்கில் செல்பேசிச் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பின்னர் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்ச், சுழியம் போட்ட பக்கத்தில் இல்லாமல் கோடு போட்ட பக்கத்தில் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இணைப்புகள். மதர்போர்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு: 24 பின் கொண்ட பெரியது ஒன்று, பிராசசருக்கு அருகில் 4 அல்லது 8 பின் கொண்ட சிறியது மற்றொன்று. இந்தச் சிறியது விடுபட்டால் விசிறி சுழன்றாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரிய இணைப்பும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். அதை இங்கே அழுத்திச் செருகக் கூடாது.

மூன்றாவது, பொத்தான். கேபினட்டின் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயரை மதர்போர்டின் இரண்டு சிறு பின்களிலிருந்து கழற்றிவிடுங்கள். எவை அந்தப் பின்கள் என்று போர்டோடு வரும் கையேட்டில் படம் இருக்கும். ஸ்குரூடிரைவரின் நுனியால் அவ்விரண்டையும் ஒரு கணம் தொடுங்கள். அங்கிருப்பது மிகக் குறைந்த அழுத்தமே, அஞ்ச வேண்டியதில்லை. பொறி இயங்கினால் பொத்தான்தான் குற்றவாளி.

நான்காவது, எஸ்.எம்.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உறுப்புகளுக்குச் செல்லும் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். 24 பின் இணைப்பில் பச்சை வயரின் துளையையும் ஒரு கறுப்பு வயரின் துளையையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டு, பிறகு பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி சுழல வேண்டும். பளு இல்லாதபோது விசிறியை நிறுத்தி வைக்கும் வகைகளும் உண்டு. ஆதலால் மல்டிமீட்டரால் அளப்பதே நம்பகமானது. மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருந்தால் நலம். எல்லா வயர்களும் கறுப்பாக இருந்தால் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும்.

ஐந்தாவது, ஷார்ட். விசிறி ஒரு கணம் துடித்து உடனே நின்றால், எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது, எஸ்.எம்.பி.எஸ். தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் ஆகியவை மட்டும் போதும். வெளியே இயங்கிக் கேபினட்டுக்குள் இயங்காவிட்டால், போர்டைத் தாங்கும் சிறு பித்தளைத் தண்டுகளில் ஒன்று தவறான இடத்தில் நின்று போர்டின் அடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். சரியானபின் ஒவ்வோர் உறுப்பாகச் சேருங்கள். இரண்டை ஒருசேரச் சேர்த்தால் குற்றவாளி எது என்று தெரியாமல் போகும்.

நான்காயிரம் ரூபாய்

உதவித்தொகையையும் வயரிங் கூலியையும் சேர்த்து, பழைய உறுப்புகளாக வாங்கி நான் பூட்டிய பொறி முதலில் இயங்கவில்லை. கடை ஒன்றில் காட்டினேன். பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்தவர், "போர்டு போயிருச்சு தம்பி, நாலாயிரம் ஆகும்" என்றார். அது என் அம்மாவின் ஒரு மாதக் கூலியில் பாதி. பொறியைத் திரும்பக் கொண்டுவந்து மேற்கண்ட வரிசையில் சோதித்தேன். மூன்றாம் படியிலேயே விசிறி சுழன்றது! பழைய கேபினட்டின் பொத்தான் உள்ளே துருவேறியிருந்தது. அருகிலிருந்த ரீசெட் பொத்தானின் வயரை அந்தப் பின்களில் மாட்டினேன். இன்றுவரை அதனால்தான் இயக்குகிறேன். செலவு ஒரு காசும் இல்லை. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. மின்சாரம் எதுவரை வந்தது என்று அவர் பார்க்கவில்லை, அவ்வளவே.

வாட் கணக்கு

சில பொறிகள் இயங்கும். ஆனால் பளு ஏறியதும் அணைந்துவிடும். அப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டிய தாளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால், அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்க 192 வாட்தான் வருகிறது. பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டையே உண்பவை. ஆகவே பெரிய எழுத்தை நம்பாமல் சிறிய எழுத்தைக் கணக்கிட்டு வாங்குவதே அறிவுடைமை.

சில எச்சரிக்கைகள்

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் நேர்மின்சாரமாக்கப்படும்போது உள்ளேயுள்ள மின்தேக்கியில் ஏறக்குறைய 325 வோல்ட் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் நிற்கக்கூடும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீரென்கிறதா? நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று பின் பிளக்கின் பெரிய துளைக்கு எர்த் இணைப்பே இருக்காது. அப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி வழியே கேபினட்டில் 115 வோல்ட் அளவுக்கு அழுத்தம் தோன்றும். மின்னோட்டம் மிகச் சிறிதே எனினும் இதை அலட்சியம் செய்யலாகாது. முதலில் எர்த் போடுங்கள். பிறகு கணிப்பொறி வாங்குங்கள்.

கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஆயின், ஒன்றின் கேபிளை மற்றொன்றில் மாட்டாதீர்கள். துளை பொருந்தினாலும் உள்ளே வயர்களின் வரிசை மாறியிருக்கலாம். நல்ல உறுப்புகள் உண்மையிலேயே எரிந்துபோவது இப்படித்தான்.

அச்சத்தினால் நாம் கொடுக்கும் விலை பெரிது. 'போய்விட்டது' என்று பிறர் சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். எதுவரை சரியாக இருக்கிறது என்று கேட்பதில்லை. நம் கல்லூரியிலும் 'பழுது' என்று எழுதி ஒட்டிய கணிப்பொறிகள் சில ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. துறைத் தலைவரின் அனுமதியோடு, மாணவர்கள் நான்கு பேர் ஒரு மல்டிமீட்டரும் ஸ்குரூடிரைவரும் கொண்டு அமர்ந்தால், அவற்றில் எத்தனை உண்மையிலேயே பழுது, எத்தனை வெறும் வயர்க் கோளாறு என்பது ஒரே சனிக்கிழமையில் தெரிந்துவிடும். நான் வரத் தயார். இன்னும் மூவர் வாருங்கள்!