தைலம் காய்ச்சும் பாய்லரில் விறகு வீணாகிறதா?

சேர்வராயன் மலைக்கும் ஜெரேனியத்துக்கும் பழைய உறவு உண்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்தியாவில் முதன்முதலாக இந்தப் பயிரை வைத்தது ஏற்காட்டில்தான். காபி, மிளகு விலை ஆட்டம் காணும்போதெல்லாம் ஜெரேனியமும் எலுமிச்சைப் புல்லும் மீண்டும் பேச்சில் அடிபடுகின்றன. செம்மநத்தம் போன்ற மலையூர்களில் சிறு விவசாயி முதலில் போட வேண்டியது விறகுக் கணக்கு. ஒரு டன் ஜெரேனியம் தழையைக் காய்ச்சினால் ஏறக்குறைய 1 கிலோ தைலம்தான் கிடைக்கும். அடுப்பு சரியில்லை என்றால் லாபம் புகையோடு போய்விடும்.

கணக்கு சுலபம்தான். 20 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 80 கிலோ கலோரி வெப்பம் போதும். அதையே ஆவியாக்க மேலும் 540 வேண்டும். அதாவது 100 கிலோ நீராவிக்கு 62,000 கிலோ கலோரி. நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 தரும் என்று வைத்துக்கொள்வோம். விறகின் சூட்டில் பாதியைப் பிடிக்கும் அடுப்பு 36 கிலோ விறகு கேட்கும். கால்வாசி மட்டுமே பிடிக்கும் அடுப்புக்கு 71 கிலோ வேண்டும். அந்த 35 கிலோ வித்தியாசத்தைத் தலையில் சுமந்து வருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

பச்சை விறகு வேண்டாம்

அப்போது வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டிய பிறகுதான் அடுப்பு பாய்லரைச் சூடாக்கும். அதற்குள் புகை மண்டி, குழாய்களில் கரி படிந்துவிடும். சில்வர் ஓக் உள்ளிட்ட நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளை உடனே பிளந்து, மேலே கூரையும் பக்கவாட்டில் காற்றும் இருக்கும்படி அடுக்குங்கள். கோடை மழைக்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது. மலையில் நனைந்த விறகு லேசில் காயாது.

கரி 3 மில்லிமீட்டர் படிந்தால் எரிபொருள் செலவு சுமார் 2.5 சதவீதம் கூடும். உள்ளே படியும் உப்பு இன்னும் மோசம். 1 மில்லிமீட்டர் உப்புக்கே 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகும். வாளியில் வெள்ளை படியும் கிணற்றுத் தண்ணீரை விட்டு, சேமித்த மழைத் தண்ணீரை ஊற்றுவது மேல்.

குளிர்விக்கும் தொட்டியிலிருந்து வெளியேறும் சுடுதண்ணீரைப் பலர் வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். அதைப் பாய்லருக்குத் திருப்பினால், தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடும்போதெல்லாம் ஒரு சதவீத விறகு மிச்சம். ஆனால் தைலத்தைப் பிரித்தபின் மிஞ்சும் வாசனைத் தண்ணீரைப் பாய்லருக்குள் ஊற்றக் கூடாது. அதில் கரைந்திருக்கும் தைலத்தை மீட்க, அடுத்த தடவை தழை வைக்கும் கலத்தில் சேர்க்கலாம்.

நீராவிக் குழாய் மூடப்படாமல் இருந்தால், மலைக்குளிரில் ஆவி வழியிலேயே தண்ணீராகிவிடும். கண்ணாடிப் பஞ்சு சுற்றலாம். வசதியில்லாதவர்கள் களிமண்ணோடு உமி குழைத்துப் பூசினாலும் பலன் உண்டு.

தழையை அடைக்கும் விதத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் அடைத்தால், ஆவி தளர்ந்த வழியிலேயே ஓடிவிடும். எலுமிச்சைப் புல்லை அறுத்து ஒருநாள் நிழலில் வாட விட்டால் கலத்தில் கூடுதலாகக் கொள்ளும். ஜெரேனியத்தை மட்டும் குவித்து வைக்காதீர்கள், புழுங்கிவிடும். எப்போது நிறுத்துவது? கடைசி அரை மணியில் சேர்ந்த தைலத்தின் விலை, அந்த அரை மணியில் எரிந்த விறகின் விலையைத் தாண்டவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

விறகு மிச்சம் என்று ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றுவது, பாதுகாப்பு வால்வில் கல் வைப்பது போன்ற வேலைகள் உயிருக்கு ஆபத்து. 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவும், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் அழுத்தமும் உள்ள பாய்லருக்குப் பதிவு தேவைப்படும். 1923-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. பழைய பாய்லர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.