புதிய சந்தையும் வணிகர் பெயரும்

வாணிகம் செய்வார் தம் சரக்கைப் பலர் அறியச் செய்தல் இன்று தோன்றிய வழக்கம் அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. அவற்றுள் கள் விற்கும் இடத்தில் கட்டிய கொடியும் ஒன்று. எழுத்தறியாதவனுக்கும் 'இங்கே இது கிடைக்கும்' என்று சொன்ன விளம்பரம் அது. கொடிக்குப் பின் பெயர்ப்பலகை வந்தது. பின்னர்ச் செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. இன்று கைப்பேசியில் இயங்கும் சமூக ஊடகங்கள் வந்துள்ளன. ஒவ்வொரு முறையும் வணிகர் உள்ளத்தில் எழுந்த வினா ஒன்றே: புதிய இடத்திற்கு உடனே செல்வதா, பிறர் சென்று பார்க்கட்டும் என்று காத்திருப்பதா?

இவ்வினாவைச் செனாயில் வைத்து எண்ணிப் பார்ப்போம். ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1974-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையத்தால் பலருக்கும் தெரிந்தது. இங்கே தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் அம்மையார் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். முகநூலிலும் புலனத்திலும் அவருக்கு வாடிக்கையாளர் உள்ளனர். "அம்மா, புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது, எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்" என்கிறாள் மகள். அம்மையாரிடம் இருக்கும் முதல் இரண்டு கைகளும், பண்டிகைக்கு முந்திய சில வாரங்களுமே. அவற்றைப் பயனில்லாத இடத்தில் செலவிட்டால் அவ்வாண்டின் வருவாய் குறையும். ஆதலின் இது அவருக்குப் பொழுதுபோக்கான வினா அன்று.

முந்துவதன் பயன்

முதலில் மகளின் பக்கத்து நியாயத்தைக் காண்போம். புதிய ஊடகம் ஒன்று தொடங்கும்போது அதற்குப் பார்ப்போர் வேண்டும். பார்ப்பதற்குப் பொருளும் வேண்டும். பொருள் தருவோர் குறைவாக இருக்கும் காலத்தில், தருகின்ற சிலரை அது பலர் கண்ணிலும் படச் செய்கிறது. கூட்டம் பெருகிய பின் நிலை மாறுகிறது. இடத்திற்குப் போட்டி வருகிறது; ஊடகம் கட்டணம் கேட்கிறது. 2018 சனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முதன்மை தரப்போவதாக அறிவித்தது. வணிகப் பக்கங்களின் பதிவுகள் கட்டணமின்றிப் பலரைச் சென்றடைவது அதன்பின் மேலும் அரிதாயிற்று. டிக்டாக் போன்றவையோ, தம்மைப் பின்தொடராதவர்க்கும் ஒருவரின் படக்காட்சியைக் காட்டும் முறையில் அமைந்தவை. பெயர் பெறாத சிறு வணிகருக்கு இதனால் கதவு திறக்கிறது. முந்திச் சென்றவர் குறைந்த செலவில் பெயர் நாட்டலாம் என்பது உண்மையே.

சந்தை கலைந்த கதைகள்

ஆயின் மறுபக்கமும் உண்டு. 2002-இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர் என்னும் தளத்தை மலேசியர் பலர் நினைவில் வைத்திருப்பர். பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பதிவு செய்திருந்தனர். அவருள் பெரும்பாலோர் ஆசியர். 2009 இறுதியில் மலேசிய நிறுவனமாகிய எம்.ஓ.எல். குளோபல் அதனை வாங்கியது. 2011-இல் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, பயனர் சேர்த்து வைத்த படங்களும் மடல்களும் நீக்கப்பட்டன. 2015-இல் அதன் சேவையும் நின்றது. கூகுளின் பெருஞ்செல்வமும் கூகுள் பிளசைக் காக்கவில்லை. 2011-இல் பிறந்த அத்தளம் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

ஊடகம் செழித்திருக்கும்போதே அரசாணையால் சந்தை கலைவதும் உண்டு. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அங்கே பெயர் பெற்றிருந்த தமிழ்நாட்டுக் கலைஞரும் வணிகரும் தம் பார்வையாளரை ஒரே நாளில் இழந்தனர். நமக்கு அடுத்த நாடாகிய இந்தோனேசியாவில், சமூக ஊடகத்துக்குள்ளேயே விற்பனை நடத்தலாகாது என்று 2023 செப்டம்பரில் விதி வந்தது. அக்டோபர் 4-ஆம் நாள் டிக்டாக் கடை அடைபட்டது. டோக்கோப்பீடியா என்னும் உள்நாட்டு நிறுவனத்துடன் இணைந்து அது மீண்டும் திறந்தது டிசம்பர் 12-இல். அடைபட்ட பத்து வாரங்கள் பெருநிறுவனத்திற்குச் சிறு தடங்கல். அன்றாட விற்பனையால் பிழைப்போர்க்கோ அது பெருங்காலம். மலேசியாவிலும், 80 இலட்சம் பயனரைக் கொண்ட ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் விதி 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஊடகத்தின் வாழ்வு அதன் உரிமையாளர் கையில் மட்டும் இல்லை என்பது இவற்றால் விளங்கும்.

கொள்ளத்தக்க நெறி

அங்ஙனமாயின் செல்லாதிருப்பதே நன்றோ எனின், அன்று. சமூக ஊடகம் வாடகை நிலம். வாடகை நிலத்தில் பயிர் செய்யலாம். விதைநெல்லை அங்கே விட்டு வரலாகாது. வணிகருக்கு விதைநெல்லாவது வாடிக்கையாளரின் பெயரும் தொடர்பு எண்ணும் ஆகும். அம்மையார் எந்தச் செயலியில் விற்றாலும், வாங்கியவர் இசைவு பெற்று அவர் எண்ணைத் தம் ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும். செயலி மறைந்தாலும் ஏடு இருக்கும்.

இரண்டாவதாக, புதிய தளத்தில் தம் வணிகப் பெயரைத் தொடக்கத்திலேயே பதிந்து வைத்தல் நன்று. அதற்குச் செலவு இல்லை. பிறர் அப்பெயரில் கணக்குத் தொடங்கி வாடிக்கையாளரை ஏமாற்றுவதும் ஓரளவு தடுக்கப்படும். பெயரைப் பதிந்தவர் அங்கே நாள்தோறும் உழைக்க வேண்டும் என்பதில்லை. உழைப்பைக் கொண்டு செல்லுமுன், தம்மிடம் வாங்குவோர் அங்கு இருக்கின்றனரா என்று கேட்டறிய வேண்டும். அதிரசம் வாங்கும் பாட்டிமார் புலனத்தில் இருக்க, இளைஞர் மட்டும் கூடும் தளத்தில் இரவு முழுதும் படம் எடுப்பதால் பயன் என்ன? வாரத்தில் இரண்டு மணி நேரம் என்று அளவு வைத்து, மூன்று மாதம் முயன்று, எத்தனை பேர் உண்மையில் பொருள் வாங்கினர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். விருப்பக் குறிகளை எண்ணுதல் வாணிகக் கணக்கு ஆகாது.

மூன்றாவது, நேர்மை. விலையை மறைத்து 'தனியே கேளுங்கள்' என்று எழுதும் வழக்கம் இந்நாட்டு வணிகரிடையே பரவியுள்ளது. இணையத்தில் விற்போர் விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பதே சட்டம். ஊடகம் புதிதாயினும் நாணயம் பழையதே.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றது. திருமணம் முதல் கடைத் திறப்பு வரை தமிழில் அறிவித்த ஓரிடம் அதனுடன் போயிற்று. அந்த விளம்பரத் தமிழ் இனி வாழ வேண்டிய இடங்களுள் இப்புதிய தளங்களும் அடங்கும். அங்கே 'முறுக்கு' என்பதை உரோமன் எழுத்தில் எழுதுவதா, தமிழ் எழுத்தில் எழுதுவதா என்பதை முடிவு செய்யப்போவோர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர். ஐந்து வரியில் பிழையின்றி, பொய்யின்றி, ஒரு பொருளைப் பற்றித் தமிழில் எழுதும் பயிற்சியை நாம் கட்டுரை வகுப்பிலேயே தரலாம். செயலிகள் வரும், போகும். அப்பயிற்சி பெற்ற மகள், எந்தச் செயலி வந்தாலும் தன் தாயின் பலகாரத்தைத் தமிழில் விற்பாள்.