லேத் வேலை தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா?

தமிழகத்து முகாமில் இருந்த காலத்தில் உங்கள் வீட்டில் யாராவது லேத் பட்டறையிலோ பிளாஸ்டிக் மோல்டிங் கம்பனியிலோ வேலை செய்திருந்தால், அந்தக் கைவேலையை இங்கே வந்து விட்டுவிடாதீர்கள். ஊர் திரும்பியதும் முதலில் கிடைக்கும் கூலி வேலைக்குப் போவது இயல்புதான். ஆனால் மலையகத்திலும் இந்தத் தொழிலுக்கு இடம் உண்டு. கற்ற தொழிலுக்கு இலங்கையில் செல்லுபடியாகும் சான்றிதழ் பெறவும் வழி உண்டு.

தேயிலைத் தொழிற்சாலைக்கும் லேத் மெஷினுக்கும் உள்ள உறவு பழையது. பிரவுண் கம்பனி 1875இல் ஹட்டனில் தொடங்கியதே தோட்டங்களின் இயந்திர வேலைக்காகத்தான். கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடஓட அதன் புஷ் தேயும், தண்டு தேயும். தேய்ந்ததை அளந்து, புதியதைக் கடைந்து போட வேண்டும். சி.டி.சி. தேயிலை செய்யும் தொழிற்சாலைகளில் பல் வைத்த உருளைகள் சோடியாகச் சுற்றிக் கொழுந்தைக் கிழிக்கும். பல் மழுங்கினால் தூளின் தரம் இறங்கும். ஆகவே அந்த உருளைகளை அடிக்கடி மெஷினில் ஏற்றிப் பல் வெட்ட வேண்டும். ரோதமுனிக்குப் பூசை வைக்கும் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மெஷின் நின்றாலும் வாட்டிய கொழுந்து காத்திருக்காது. அந்த அவசரத்துக்கு ஓடிவரக்கூடியவருக்கு மதிப்பு உண்டு.

வேலையின் உயிர் அளவில் இருக்கிறது. மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கிக் காட்டும். புஷ் இறுகினால் சூடேறும், தளர்ந்தால் ஆடும்.

ஆபத்தும் அங்கேதான். நுவரெலியாக் குளிருக்கு மப்ளரும் நீளக்கை ஸ்வெட்டரும் போடாமல் முடியாது. ஆனால் லேத் முன் நிற்கும்போது மப்ளரைக் கழற்றிவிட வேண்டும், தொங்கும் கையை மடித்து இறுக்க வேண்டும். சுற்றும் மெஷினில் கையுறையும் கூடாது. துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டு மெஷினைப் போடக் கூடாது. சுருள்சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கொக்கியால் எடுக்க வேண்டும், கையால் அல்ல.

வாளி, தண்ணீர்த் தாங்கி, குழாய் செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கமே உள்ளன. அச்சு மெஷினின் கதவை மூடாமல் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே போவதென்றால் இரவு ஷிப்ட், போர்டிங் செலவு இரண்டையும் கணக்குப் பார்த்துப் போங்கள். கையில் மிஞ்சுவது நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம்.

இனிச் சான்றிதழ். இலங்கையில் தொழில் திறமையைத் தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ., என்ற ஏழு மட்டங்களில் அளக்கிறார்கள். வேலை தெரிந்தவர் முதலிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். தேறினால் சான்றிதழ் கிடைக்கும். தனித்து வேலை செய்யக்கூடியவர் 4ஆம் மட்டத்தைக் கேட்பது நல்லது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைட்டா என்று சொல்லப்படும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையிலும் இதைப் பற்றி விசாரிக்கலாம். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவையுங்கள்.

பலர் தடுமாறுவது ஆதாரம் காட்டுவதில்தான். பழைய பட்டறை முதலாளியிடம் எத்தனை வருடம், எந்த மெஷினில் வேலை செய்தீர்கள் என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். இன்னும் முகாமில் இருக்கும் உறவினருக்கும், கிளம்புமுன் வாங்கிவரச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ், சம்பளச் சீட்டு, செய்த பொருளின் படம் எல்லாம் உதவும். பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் இல்லாதவர்கள் முதலில் கிராம அலுவலரைப் பாருங்கள்.

வேலையில் சேர்ந்ததும் ஈ.பி.எஃப். இலக்கத்தைக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப்.புக்கு மேலும் 3 வீதம் அவர் பொறுப்பு. சின்ன வேர்க்‌ஷொப் என்பதற்காக இது மாறாது. போடவில்லை என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். சம்பளச் சீட்டுகளை அதற்காகவும் பத்திரமாக வைத்திருங்கள்.