தங்கக் காசில் ராஜா முகம் எதுக்கு? 1231-ல் வந்த 'அகஸ்டாலிஸ்' முதல் நம்ம ஊர் சவரன் வரை!

கோவிலம்பாக்கமோ தாம்பரமோ, நகைக்கடையில் முதல் கேள்வி, "இன்னைக்கு சவரன் என்ன ரேட்?" என்பதுதான். சவரன் என்பதே ஒரு காசின் பெயர். பிரிட்டனின் 'சாவரின்' தங்கக் காசு 7.98 கிராம், அதுதான் நம்மிடம் 8 கிராம் கணக்கானது. 1817-ல் வந்த சாவரினில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், தலையில் இலை மாலையுடன் பழைய ரோமானியப் பேரரசர் போலவே இருப்பார். ஆனால் இந்த ஐடியா அவருக்கு சுமார் 600 ஆண்டுகள் முந்தையது.

யார் செய்தது?

புனித ரோமானியப் பேரரசரும் சிசிலி மன்னருமான இரண்டாம் பிரெடெரிக். 1231-ல் இத்தாலியின் பிரிண்டிசி, மெசினா நகரங்களில் அவர் அச்சடித்த தங்கக் காசுதான் 'அகஸ்டாலிஸ்'. எடை சுமார் 5.3 கிராம், தரம் 20.5 காரட். ஒரு பக்கம் இலை மாலை சூடிய அவரது முகம், மறுபக்கம் ரோமின் கழுகு. சுற்றிலும் சீசர், அகஸ்டஸ் என்ற பட்டங்கள்.

ஏன் இந்த கெட்டப்?

அப்போது மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் வெள்ளிக் காசுதான். சிசிலியில் புழங்கிய 'தாரி' தங்கக் காசில் அரபு எழுத்துகள் இருந்தன. இன்னொரு பக்கம் போப்புடன் மோதல். 1227-ல் பிரெடெரிக்கை போப் திருச்சபையிலிருந்தே விலக்கி வைத்தார். இந்தச் சூழலில், 'நான் சீசர்களின் வாரிசு' என்று காசு ஊருக்கெல்லாம் சொன்னது.

முகம் ஜெயித்ததா?

இல்லை. 1252-ல் பிளாரன்ஸ் நகரம் 'ஃப்ளோரின்' காசை வெளியிட்டது. அதில் ராஜா முகமே கிடையாது. லில்லிப் பூவும் புனித யோவானும்தான். ஆனால் சுமார் 3.5 கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். வியாபாரிகள் அதை நம்பினார்கள். ஐரோப்பா முழுக்கப் பரவியது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

1898-ல் புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மீதே வெட்டு! 'இது இனி காசு அல்ல, வெறும் தங்கம்' என்று காட்டவே வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஒரு கருத்து.

சவரன் கதையும் அதேதான். ராஜா முகம் போயே போச்சு, எடை மட்டும் நின்றது. நீங்களும் நகை வாங்கும்போது பிஐஎஸ் ஹால்மார்க், 22 காரட் என்றால் 916 முத்திரை, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யூஐடி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.