படகில் ஏறுமுன் ஒரு நிமிடம்

ஆண்டு முழுவதும் கல்லாவை விட்டு நகராத நாம், குடும்பத்தாரை வெளியூர் அழைத்துச் செல்வது ஓரிரு நாள்தான். அந்த நாளில் சென்னை வட்டார வணிகர்கள் பலர் போகும் இடம் பழவேற்காடு. பொன்னேரி வழியாகச் சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வாணிபம் நடத்திய ஊர். பழைய கல்லறைகள் இன்றும் உள்ளன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வரும்.

இவ்வேரி நம் தொழிலுக்கும் உறவுடையது. ஆந்திரத்திலிருந்து நெல்லும் உப்பும் விறகும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே மரப்படகுகளில் ஒரு காலத்தில் சென்னைக்கு வந்தன. கேரளத்தின் கெட்டுவள்ளமும் அரிசி ஏற்றிய சரக்குப் படகுதான். ஆணி இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் பிணைத்துக் கட்டியது. லாரி வந்ததும் அதன் பிழைப்பு போயிற்று. 1990-களில் அதையே தங்கும் அறைகளுடன் மாற்றி அமைத்தார்கள். இன்று ஆலப்புழையில் அது பெரும் வியாபாரம்.

பழவேற்காட்டு நிலை வேறு. இங்குள்ளவை மீன்பிடிப் படகுகள். வலைக்கும் மீனுக்குமாகக் கட்டப்பட்டவை. படகின் ஆட்டம் அறிந்த நாலைந்து பேர் ஏறிச் செல்வதற்கானவை. ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் கடுமையானது.

2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசமாகப் படகில் சென்றவர்களில் 22 பேர் மாண்டனர். உயிர்காப்பு அங்கி இல்லை. அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 2023 மே 7-ல் கேரளத்தின் தானூரிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர்.

குற்றம் படகோட்டியிடம் மட்டுமா? ஒரு வண்டிக்கு எத்தனை மூட்டை என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? ஆனால் படகுத் துறையில் நாமே, "இன்னும் நாலு பேர் ஏறட்டும், தலைக்கு வாடகை குறையும்" என்று பேரம் பேசுகிறோம். பிழைப்பைப் பார்க்கும் மீனவரும் சம்மதித்து விடுகிறார்.

ஆகவே வணிக நண்பர்களே, எங்கு போனாலும் சவாரிக்கு அனுமதி உண்டா என்று முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேளுங்கள். தடை இருந்தால் ஏறாதீர்கள். அனுமதி உள்ள இடத்தில் பதிவு எண்ணையும் ஆள் கணக்கையும் பாருங்கள். குழந்தை உட்பட எல்லோருக்கும் அங்கி கிடைத்த பிறகே ஏறுங்கள். நடுவில் எழுந்து நின்று படம் எடுக்க வேண்டாம். பழவேற்காட்டில் பறவைகளைக் கரையிலிருந்தே காணலாம். மீனும் இறாலும் பனையோலைப் பெட்டியும் வாங்கினால் ஊராருக்கும் வருமானம்.

சரக்கு நனைந்தால் நஷ்டக் கணக்கில் எழுதலாம். உயிர் போனால் எந்தக் கணக்கில் எழுதுவது? சிந்திப்போம்.